41ஆம் பக்கத்தில் ஒரு பள்ளம்

(மாவட்ட அளவில் நடந்த அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த கையோடு பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் பேச வருபவர் மீது எல்லோருக்கும் கொஞ்சம் இரக்கம் இருக்கும். அந்த இரக்கத்தை நம்பித்தான் வந்திருக்கிறேன்.

புவி இயற்பியல் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். நான் ஒரு குழுவைப் பற்றிப் பேசப் போகிறேன். குழு என்றதும் உங்களில் சிலர் முகம் மாறுவது தெரிகிறது. பள்ளியில் எத்தனை குழு பார்த்திருப்பீர்கள்! வருகைப் பதிவு, தேநீர், தீர்மானம், கையொப்பம், அடுத்த கூட்டத் தேதி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு கிணறு வறண்டு போன பிறகுதான் வேறு மாதிரியான குழுவும் உண்டு என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, எண்ணெய் தேடும் ஒரு நிறுவனத்தில் நான் இளநிலை ஆள். காந்தமானி, ஈர்ப்புமானி இரண்டும் என் பொறுப்பு. அங்கே பெரிய மரியாதை அதிர்வலைக்காரர்களுக்குத்தான். அவர்கள் தரையை வெடிவைத்து அதிரச் செய்து, உள்ளேயிருந்து திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்வார்கள். அதிலிருந்து வரும் படத்தில் பாறை அடுக்குகள் கேக்கை வெட்டிவைத்தது போலத் தெரியும். எங்கள் முறை அப்படிப் படம் தராது. ஒரு வரைபடமும் கொஞ்சம் எண்களும் தரும், அவ்வளவுதான்.

அந்தப் பகுதியின் அதிர்வலைப் படத்தில் அழகான மேடு ஒன்று தெரிந்தது. பழைய பவளப்பாறைத் திட்டாக இருக்கலாம், அதில் எண்ணெய் தங்கியிருக்கலாம் என்று நிலவியலாளர்கள் நினைத்தார்கள். எங்கள் காந்த வரைபடத்தில் அதே இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. நிலத்தில் இருந்த பள்ளம் என்று எண்ணிவிடாதீர்கள். காந்தப்புலத்தின் அளவு சுற்றுவட்டாரத்தைவிட அங்கே குறைந்திருந்தது. கூட்டத்தில் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "காந்தம் குறைவாத்தானே இருக்கு, அப்ப சுண்ணாம்புக்கல்தான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு அது தவறு என்று தெரியும். நம் அட்சரேகையில் காந்தப் பாறை இருக்கும் இடம் வரைபடத்தில் பள்ளமாகத்தான் தெரியும். இதை அறிக்கையில் எழுதியும் இருந்தேன். அறிக்கை மொத்தம் 64 பக்கம். அதில் 41ஆம் பக்கத்தில், இரண்டு சமன்பாடுகளுக்கு நடுவே ஒரு வாக்கியமாக அது கிடந்தது. தலைவர் என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா? சுருக்கமா" என்றார். எழுந்து நின்றேன். எண்களை எப்படி வடிகட்டினேன், எந்த அலைநீளத்தை நீக்கினேன் என்று தொடங்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

துளைத்தார்கள். பல மாத வேலை, பெரிய செலவு. துளைப்பான் அந்த மேட்டைத் தொட்டபோது வந்தது சுண்ணாம்புக்கல் அல்ல. கறுப்பு நிற எரிமலைக் குழம்புப் பாறை. எண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை.

மூத்த நிலவியலாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இது உங்க மேப்ல இருந்துச்சா?"

"இருந்தது சார். 41ஆம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதை வாயால சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றார்.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அடுத்த வாரம் அவரே அந்தப் பாறைத் தூளை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு அனுப்பினார். இதோ மேசை மேல் இருக்கிறதே, அதுதான்.

பள்ளம் ஏன் மேட்டைக் குறிக்கிறது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அன்று சொல்லாததை இன்றாவது சொல்ல வேண்டாமா? சட்டகக் காந்தத்தின் வடமுனையை வடக்கு நோக்கி வைத்து, காந்தவிசைக் கோடுகள் வரையும் சோதனை உங்களுக்குத் தெரியும். காந்தத்துக்கு வெளியே கோடுகள் வடமுனையிலிருந்து கிளம்பித் தென்முனைக்கு வரும். அதாவது காந்தத்தின் பக்கவாட்டில் அவை தெற்கு நோக்கிப் போகின்றன. பூமியின் காந்தப்புலமோ வடக்கு நோக்கியது. இரண்டும் எதிரெதிர். அதனால்தான் நடுநிலைப் புள்ளிகள் காந்தத்தின் இரு பக்கங்களிலும் கிடைக்கின்றன.

மண்ணுக்கடியில் இருக்கும் காந்தப் பாறையையும் இப்படி ஒரு சட்டகக் காந்தமாக நினைத்துக்கொள்ளுங்கள். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவதால், திருநெல்வேலிப் பக்கம் பூமியின் புலம் ஏறத்தாழக் கிடையாக இருக்கிறது. அந்தப் புலம் பாறையையும் கிடையாகவே காந்தமாக்கும். அதன் நேர் மேலே நிற்கும் நமக்கு, பாறையின் புலம் பூமியின் புலத்துக்கு எதிராக வேலை செய்யும். மொத்தம் குறையும். ஸ்வீடனில் புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருப்பதால் அங்கே அதே பாறை மேடாகத் தெரியும். பாடநூல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் வடக்கே இருந்தவர்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் படித்ததும் அந்தப் பாடநூல்களைத்தான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்குப் புரியும் இந்த விஷயத்தைப் புரியும்படி சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

இனி குழுவுக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் டல்சா நகரில் ஆய்வுப் புவி இயற்பியலாளர் சங்கம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக எஸ்.இ.ஜி. என்பார்கள். 1930இல் தொடங்கியது. உலகெங்கும் உறுப்பினர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அதிர்வலைக்காரர்கள். அந்தச் சங்கத்துக்குள் 'ஈர்ப்பு, காந்தக் குழு' என்று ஒன்று இயங்குகிறது. எண்ணெய் நிறுவனத்தார், கனிமம் தேடுவோர், அரசு நில ஆய்வுத் துறையினர், பேராசிரியர்கள் என்று பலர் அதில் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார்கள். நான் அதில் உறுப்பினனாக இருந்ததில்லை. தூரத்திலிருந்து அவர்கள் எழுதியதைப் படித்துப் பயன்பெற்றவன்.

இந்த முறைகளுக்குக் குழு போட்டு ஆதரவு தேட வேண்டிய நிலை ஏன் வந்தது? ஒரு காலத்தில் முன்னால் நின்றவை இவைதான். 1924இல் டெக்சாஸில் நாஷ் என்ற இடத்தில் பூமிக்கடியில் இருந்த ஓர் உப்பு மேட்டை ஈர்ப்பு அளவீட்டால் கண்டார்கள். பிறகு அங்கே எண்ணெயும் கிடைத்தது. அதற்குப் பயன்பட்ட முறுக்குத் தராசு, ஹங்கேரி நாட்டு எட்வெஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. காந்த முறை அதைவிட மூத்தது. ஸ்வீடனில் இரும்புத் தாது தேட 1600களிலேயே காந்த ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட விக்டர் வாக்கியே விமானத்தில் வைக்கும் காந்தமானியை உருவாக்கினார். போர் முடிந்ததும் அதே கருவி தாது தேடவும் எண்ணெய் தேடவும் போனது.

பிறகு அதிர்வலை முறை வளர்ந்தது. கணினி வந்ததும் அதன் படங்கள் இன்னும் தெளிவாயின. எங்கள் முறைகளுக்கு ஒரு நிஜமான பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரே வரைபடத்தைப் பல விதமான பாறைகள் தர முடியும். ஆழத்தில் இருக்கும் கனமான சிறிய பாறையும், மேலாக விரிந்து கிடக்கும் சற்றே கனமான பாறையும் தரைமேல் ஒரே அளவைக் காட்டலாம். மூடிய சாக்கைத் தூக்கிப் பார்த்து உள்ளே இருப்பது அரிசியா மணலா என்று சொல்லச் சொன்னால் எப்படி? எடை மட்டும் போதாது, வேறு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். 'இது உறுதியாகச் சொல்லாது' என்ற பெயர் வந்துவிட்டால், 'இது வேண்டாம்' என்று சொல்ல அதிக நாள் ஆகாது.

ஆனால் அந்த எடை பார்க்கும் நுட்பம் இருக்கிறதே, அது சாதாரணமானதல்ல. வகுப்பில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். எங்களுக்கு வேலையே அந்தப் புள்ளிக்குப் பிறகு ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது இலக்கங்களில்தான். கலிலியோவின் பெயரில் 'கேல்' என்று ஓர் அலகு உண்டு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகேல். பூமியின் ஈர்ப்பு சுமார் 9,80,000 மில்லிகேல். நீங்கள் 3 மீட்டர் மாடிப்படி ஏறினால் அதில் ஒரு மில்லிகேலுக்குச் சற்றுக் குறைவாகக் குறையும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 0.06 கிராம். எடை குறைக்க நல்ல வழி அல்ல! கையில் தூக்கிப்போகும் ஈர்ப்புமானி அந்த ஒரு மில்லிகேலிலும் நூற்றில் ஒரு பங்கைப் படிக்கும். அதனால் ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் சில சென்டிமீட்டர் பிழைக்குள் அளந்திருக்க வேண்டும். கருவியின் சுருள்வில் நாள் முழுக்கத் துளித்துளியாகத் தளரும் என்பதால், காலையில் அளந்த அதே இடத்துக்கு மாலையில் திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும். ஒருமுறை மழை வருகிறதே என்று திரும்பாமல் முகாமுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு எடுத்த 38 இடங்களும் வீண்.

அந்தச் சுருள்வில்லுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு, ஆசிரியர்களுக்கு அது பிடிக்கும். 1930களின் தொடக்கத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லூசியன் லகோஸ்ட் என்ற மாணவருக்கு, ஆசிரியர் ஆர்னால்ட் ராம்பர்க் ஒரு கணக்குக் கொடுத்தார். மெதுவான நிலநடுக்க அலையைச் செங்குத்தாகப் பதிவு செய்யும் கருவியை வடிவமைத்து வா என்றார். வீட்டுப்பாடம் மாதிரிதான். மாணவர் யோசித்துக் கண்டுபிடித்தது 'சுழிநீள' சுருள்வில். அதன் இழுவிசை, நீண்ட அளவுக்கு இல்லாமல் மொத்த நீளத்துக்கே நேர்விகிதமாக இருக்கும்படி சுற்றப்பட்ட வில். இருவரும் சேர்ந்து 1939இல் கருவி செய்யும் நிறுவனம் தொடங்கினார்கள். லகோஸ்ட்-ராம்பர்க் ஈர்ப்புமானி பல பத்தாண்டுகள் உலகெங்கும் போனது. நான் அளந்ததும் அதில்தான்.

இப்படி ஒரு முறையை வைத்துக்கொண்டு அந்தக் குழு என்ன செய்தது? சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இந்த முறைகளுக்கென்று அமர்வுகள் நடத்தினார்கள். கூட்டம் முடிந்த மறுநாள் பயிலரங்கு வைத்தார்கள். மதிய உணவுக்குச் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவரைப் பேச வைத்துக் கேட்டார்கள். சங்கத்தின் 'தி லீடிங் எட்ஜ்' இதழில் 'மீட்டர் ரீடர்' என்று ஒரு பத்தி வந்துகொண்டிருந்தது. பெயரைக் கேட்டால் நமக்கு மின்வாரியக்காரர்தான் நினைவுக்கு வருவார். ஈர்ப்பு, காந்த அளவீட்டுச் செய்திகளைத் துறைக்கு வெளியே இருப்பவருக்கும் புரியும்படி சொன்ன பத்தி அது. பழைய இதழ்கள் சில என் கைக்கு வந்தபோது ஒரே மூச்சில் படித்தேன்.

1998இல் வந்த ஒரு தொகுப்புதான் என்னை உலுக்கியது. கிப்சன், மில்லிகன் இருவரும் தொகுத்தது. அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கமும் எஸ்.இ.ஜி.யும் சேர்ந்து வெளியிட்டன. ஈர்ப்பு, காந்த முறைகளால் நிலவியல் கேள்விகளுக்கு எப்படி விடை கண்டார்கள் என்ற நேரடி அனுபவங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. கேள்வி என்ன, வரைபடம் என்ன காட்டியது, துளைத்தபோது என்ன வந்தது என்று போகும். எழுதியவர்கள் நிலவியலாளரை எதிரே உட்கார வைத்துப் பேசியது போல இருந்தது. என் 64 பக்க அறிக்கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் யாருக்காக எழுதினேன்? என் பேராசிரியர் படித்துப் பாராட்ட எழுதியிருக்கிறேன். அவரோ அந்தக் கூட்டத்தில் இல்லை.

2005இல் சங்கத்துக்கு 75 ஆண்டு நிறைந்தபோது, ஈர்ப்பு முறைக்கு ஒன்றும் காந்த முறைக்கு ஒன்றுமாக இரண்டு வரலாற்றுக் கட்டுரைகள் 'ஜியோஃபிசிக்ஸ்' ஆய்விதழில் வந்தன. நபிகியான் உள்ளிட்ட பலர் சேர்ந்து எழுதியவை. கருவி, கணக்கு, தவறிய வழிகள் எல்லாம் ஒரே இடத்தில். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

சொன்னால் மட்டும் போதுமா, கேட்க ஆள் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் இதே சங்கத்தின் மேடையிலேயே ஒரு கதை இருக்கிறது. 1978இல் மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸுக்காக யுகட்டான் கடற்கரையை ஒட்டி விமானத்தில் காந்த அளவீடு நடந்தது. கிளென் பென்ஃபீல்ட் என்ற புவி இயற்பியலாளர் அந்தத் தாள்களில், கடலுக்கடியில் சீரான ஒரு வில் வடிவத்தைப் பார்த்தார். பழைய ஈர்ப்பு வரைபடத்தைத் தேடி எடுத்தார். அதில் தரைப்பக்கம் இன்னொரு வில். இரண்டையும் ஒட்டினால் சுமார் 180 கிலோமீட்டர் அகல வட்டம். நடுவில் சிக்சுலூப் என்ற சிற்றூர். விண்ணிலிருந்து விழுந்த ஏதோ ஒன்று தோண்டிய பள்ளமாக இருக்கலாம் என்று அவருக்கும், பெமெக்ஸின் அந்தோனியோ கமார்கோவுக்கும் பட்டது.

1980இல்தான் அல்வாரெஸ் குழுவினர் டைனோசர்களின் முடிவுக்கு விண்கல் மோதல் காரணம் என்று எழுதியிருந்தார்கள். உலகமே அந்தப் பள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தது. 1981 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எஸ்.இ.ஜி. ஆண்டுக் கூட்டம். பென்ஃபீல்டும் கமார்கோவும் எழுந்து, இதோ இருக்கிறது என்று சொன்னார்கள். கேட்க வேண்டியவர்கள் அந்த அறையில் இல்லை. மோதல் ஆய்வாளர்கள் அதே மாதம் யூட்டா மாநிலத்தில் தங்களுக்கென்று ஒரு மாநாடு நடத்தினார்கள். ஒரு துறையின் அறையில் சொன்னது அடுத்த துறையின் அறைக்குப் போகவில்லை. ஹூஸ்டன் செய்தியாளர் கார்லோஸ் பயர்ஸ் மட்டும் அதை நாளிதழில் எழுதினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1990இல், பள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்த ஆலன் ஹில்டபிராண்ட் என்ற ஆய்வு மாணவரிடம் அவர்தான் விஷயத்தைச் சொன்னார். 1991இல் எல்லோரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. அவர்கள் சொன்னது 1981இலேயே சரி. இதைப் படித்தபோது என் 41ஆம் பக்கம் எனக்குக் கொஞ்சம் லேசானது. அவர்கள் வாயாலும் சொல்லியிருக்கிறார்களே!

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1802இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, பிறகு இமயம் வரை போனது. வடக்கே கலியானா, கல்யாண்பூர் என்ற இரு இடங்களுக்கு இடையே, விண்மீன் பார்த்துக் கணித்த தூரமும் நிலத்தில் அளந்த தூரமும் 5 விநாடிக் கோணத்துக்குச் சற்று அதிகமாக வேறுபட்டன. இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று பிராட் கணக்கிட்டார். கணக்குப்படி 15 விநாடிக்கும் மேல் வர வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. 1855இல் ஏரி அதற்கு விளக்கம் சொன்னார்: மலைக்குக் கீழே அடர்த்தி குறைந்த வேர் இருக்கிறது. ஒரு தூக்குக்குண்டு மலையின் அடிவாரத்துக்கும் கீழே பார்த்துவிட்டது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வேறொன்று சொல்கிறேன். ஒரு தட்டையான பெட்டியில் மணல் நிரப்பி, பிள்ளைகள் பார்க்காதபோது ஒரு சட்டகக் காந்தத்தைப் புதைத்து வையுங்கள். மேலே நூலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் காந்த ஊசியை வைத்து அது எவ்வளவு திரும்புகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு தாளில் வண்ணம் தீட்டட்டும். தோண்டுவதற்கு முன், எங்கே இருக்கிறது என்று அடுத்த குழுவுக்கு வாயால் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். தோண்டுவது அந்த அடுத்த குழு. இந்த விதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தாளை மட்டும் நீட்டும் பிள்ளைகளின் காந்தம் பல நேரம் கிடைப்பதில்லை. ஏன் அங்கே தோண்டவில்லை என்று இரண்டு குழுவுக்கும் சண்டை வரும். வரட்டும்.

நேரம் ஆகிவிட்டது, ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்க்கிறார். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் முடித்துவிடுகிறேன். இந்தப் புட்டியையும் இந்த வலுவான காந்தத்தையும் முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். காந்தத்தைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டிவைத்து மெல்ல நகர்த்துங்கள். எல்லாத் தூளும் வராது, சில கறுப்புத் துகள்கள் மட்டும் கூடவே நகரும். மூடியைத் திறக்காதீர்கள், என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கடைசி வரிசை வரை போய் வரட்டும், காத்திருக்கிறேன்.